கேள்வியின் எழுதப்படாத பாதி

பிரிட்டனில் வாக்குரிமையுடன் வாழும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் உங்களுக்கு இருந்த இடம் தனியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா, விலகுவதா என்று முடிவு செய்ய, அங்கேயே பல ஆண்டுகள் உழைத்து வரி கட்டிய போலந்துக்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வாக்கு இல்லை. ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்காமல், இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டோடு முறைப்படி குடியிருந்த தமிழருக்கு வாக்கு இருந்தது. காமன்வெல்த் நாட்டவர் என்ற பழைய உறவு கொடுத்த உரிமை அது. உங்களில் ஒரு பகுதியினர் நீடிக்க வாக்களித்தீர்கள், இன்னொரு பகுதியினர் விலக வாக்களித்தீர்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு நாடு பட்ட பாட்டுக்கு வாக்காளர்களின் அறியாமையே காரணம் என்று ஒரு தரப்பும், தோற்றவர்கள் தோல்வியை ஏற்காததே காரணம் என்று மறுதரப்பும் இன்றுவரை சொல்லி வருகின்றன. இரண்டும் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். கேள்வியில் பாதியை எழுதாமல் விட்டுவிட்டு மக்களிடம் பதில் வாங்கியதே காரணம். இன்னும் சில வாக்கெடுப்புக் கோரிக்கைகள் உங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருப்பதால் இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் முடிவையும் அது கிளப்பிய அதிர்ச்சியையும் பார்ப்போம். விலக 1 கோடியே 74 லட்சம் பேர், நீடிக்க 1 கோடியே 61 லட்சம் பேர். சதவீதத்தில் 51.9க்கு 48.1. வாக்களித்தோர் 72.2 சதவீதம். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகச் சொல்ல, ஸ்காட்லாந்து 62 சதவீதமும் வட அயர்லாந்து 55.8 சதவீதமும் நீடிக்கச் சொல்லின. லண்டனில் பத்தில் ஆறு பேர் நீடிக்க விரும்பினர். லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் நான்கில் மூன்று பேர் விலக விரும்பினர். விடிவதற்குள் பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக 1985க்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. காலையில் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். மறுவாக்கெடுப்புக் கோரிய மனுவில் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன, மத வெறுப்பால் நடந்ததாகக் காவல்துறை பதிவு செய்த குற்றங்கள், முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 2016 ஜூலையில் 41 சதவீதம் கூடியிருந்தன. தெருவில் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று கத்தியவன், எதிரே நிற்பவர் எந்தக் கட்டத்தில் குறி போட்டார் என்று விசாரித்துவிட்டுக் கத்தவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நீடிப்பதற்காகப் பிரசாரம் செய்த ஜோ காக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் வெள்ளை இனவெறியன் ஒருவனால் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கொலையின் துயரம் ஆறுவதற்குள் நாடு இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றது.

இந்தக் கோபம் இத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு விடை வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. அதில் இருந்த இரண்டு தேர்வுகளில் ஒன்றான ‘நீடிப்பது’ எல்லோருக்கும் தெரிந்த நிலைமை. நல்லதோ கெட்டதோ, நாள்தோறும் அதில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ‘விலகுவது’ என்பதற்கு மட்டும் வரையறை இல்லை. நார்வேயைப் போல ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொண்டு விலகலாம். அப்படியானால் ஐரோப்பியர் தடையின்றி வந்து குடியேறுவது தொடரும். கனடாவைப் போல வெறும் வர்த்தக உடன்படிக்கையோடு விலகலாம். அப்படியானால் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுங்கச் சோதனை எங்கே நடக்கும் என்று சொல்ல வேண்டும். உடன்படிக்கையே இல்லாமலும் விலகலாம். இவை ஒன்றுக்கொன்று நேர் எதிரான பாதைகள். இவற்றில் எது என்று விலகல் இயக்கம் சொல்லவில்லை. அதன் பின்னால் தெரிந்தே போட்ட கணக்கு இருந்தது. அந்த இயக்கத்தை வழிநடத்திய டொமினிக் கம்மிங்ஸ் 2015இலேயே, எல்லோரும் ஒன்றுபடக்கூடிய விலகல் திட்டம் ஒன்றை உருவாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று எழுதியிருந்தார். அரசும் தன் பங்குக்குத் தவறியது. விலகல் வென்றால் என்ன செய்வது என்று திட்டமிடவே கூடாது என்று கேமரன் அரசு தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தது. காமன்ஸ் சபையின் வெளியுறவுக் குழு 2016 ஜூலையில் அதைக் கடும் அலட்சியம் என்று கண்டித்தது.

உங்கள் சமூகத்துக்கே பொருந்தும் சான்று ஒன்று உண்டு. ஐரோப்பியரின் தடையற்ற வரவை நிறுத்தினால் காமன்வெல்த் நாட்டவருக்கு இடம் கிடைக்கும், கறி உணவகங்களுக்குச் சமையற்காரர்களை வரவழைக்கலாம் என்று விலகல் இயக்கம் தெற்காசிய வாக்காளர்களிடம் சொன்னது. அதே இயக்கம் மற்ற இடங்களில், குடியேற்றத்தையே குறைப்போம் என்ற எண்ணத்தை விதைத்தது. காமன்வெல்த் நாட்டவருக்கு இடம் கிடைக்கும் என்ற உறுதிமொழியை நம்பிய தமிழரும், வெளிநாட்டவர் வரவே கூடாது என்று நினைத்த ஆங்கிலேயரும் ஒரே கட்டத்தில் குறி போட்டார்கள். இரண்டு விருப்பங்களையும் நிறைவேற்ற எந்த அரசாலும் முடியாது. 2021இல் புதிய புள்ளிமுறை விசா வந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து வருவோர் குறைந்து, இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வருவோர் பெருகினர். நிகரக் குடியேற்றம் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. விலகலுக்கு வாக்களித்த ஒரு சாரார் அதைத் துரோகமாகப் பார்த்தனர். இன்று குடியேறிகளுக்கு எதிராக எழும் கோபத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. அது உங்கள் பிள்ளைகளையும் தொடும் கோபம்.

வட அயர்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. விலகலை முழுமூச்சாக ஆதரித்தது அங்கிருக்கும் ஜனநாயக ஒன்றியக் கட்சி, டி.யு.பி. பிரிட்டனோடு உள்ள பிணைப்பே அவர்களுடைய அரசியலின் உயிர். ஆனால் நிலத்து எல்லையில் சோதனைச் சாவடி வைத்தால் 1998 அமைதி உடன்படிக்கை ஆட்டம் காணும் என்பதால், பின்னர் பிரதமரான போரிஸ் ஜான்சனின் உடன்படிக்கை சோதனைகளைக் கடலுக்கு மாற்றியது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் ஏனைய பகுதிக்கும் நடுவே சுங்கக் கோடு விழுந்தது. தாங்கள் கேட்டு வாங்கிய முடிவு தங்களையே தாய்நாட்டிலிருந்து பிரித்துவிட்டதாக அவர்கள் கொதித்தார்கள். 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை அந்தக் கட்சியின் புறக்கணிப்பால் அங்கே ஆட்சி முடங்கிக் கிடந்தது. இந்தச் சிக்கலைப் பற்றி முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு டெரி நகருக்கே போய் எச்சரித்தார்கள். வாக்குச்சீட்டில் அந்தக் கோடு எங்கே விழும் என்று எழுதியிருந்தால், எச்சரிக்கையாகக் காற்றில் போனது விவாதத்தின் நடுப்பொருளாகியிருக்கும்.

2019 தொடக்கத்தில் காமன்ஸ் சபை உலகத்தின் கேலிக்கு ஆளானது. அப்போதைய பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த உடன்படிக்கை ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டார்கள்; எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள். சுங்க ஒன்றியத்தில் இருக்கும் யோசனை மூன்றே வாக்கில் தோற்றது, மற்ற மூன்றும் தோற்றன. அந்த உறுப்பினர்களைக் கையாலாகாதவர்கள் என்று வர்ணிப்பது எளிது. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. நாட்டில் ‘விலகல்’ என்ற ஒரே பெயரின் கீழ் எத்தனை விருப்பங்கள் இருந்தனவோ அத்தனையும் அந்தச் சபைக்குள் இருந்தன. எதற்கும் தனியே பெரும்பான்மை இல்லை. மக்களிடம் கேட்கப்படாத பாதியை அறுநூற்றுச் சொச்சம் பேர் மூன்று ஆண்டு கழித்து, கெடு நெருக்க, எழுத வேண்டி வந்தது.

எழுதப்படாத இடத்தில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவரே மக்கள் விருப்பத்தின் உரையாசிரியர் ஆகிவிடுவார் என்பது இன்னொரு தீங்கு. விலகல் அறிவிப்பைக் கொடுக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 2016 நவம்பரில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, டெய்லி மெயில் நாளிதழ் அவர்களுடைய படங்களைப் போட்டு ‘மக்களின் விரோதிகள்’ என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. அந்த வழக்கில் விலகலா நீடிப்பா என்ற கேள்வியே இல்லை. யாருக்கு அதிகாரம் என்ற கேள்விதான் இருந்தது. உச்ச நீதிமன்றமும் 2017 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. மக்கள் எதைச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு வாசகம் இருந்திருந்தால், அந்த வாசகத்தைக் காட்டி வாதாடியிருக்கலாம். இல்லாததால், விளக்கம் கேட்டவர் எல்லோரும் துரோகி ஆனார்கள்.

முடிவு நெருக்கமாக இருந்ததுதான் சிக்கல் என்போருக்கு, அதைவிட நெருக்கமான முடிவுகளை நினைவூட்டுகிறேன். 1997இல் வேல்ஸுக்குத் தனி மன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் ‘வேண்டும்’ என்போர் 50.3 சதவீதம், வித்தியாசம் வெறும் 6,721 வாக்குகள். வாக்களித்தவர்களே பாதிப் பேர்தான். நாடு பிளவுபட்டிருக்க வேண்டும். ஆனால் 2011இல் அதே மன்றத்துக்கு முழுச் சட்டமியற்றும் அதிகாரம் கொடுக்கலாமா என்று கேட்டபோது 63.5 சதவீதம் ஆம் என்றது. அயர்லாந்தில் 1995இல் விவாகரத்துத் தடையை நீக்கும் திருத்தம் 50.28 சதவீதத்தில், 9,114 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள், பிறகு அந்தச் சட்டத்தோடு வாழப் பழகினார்கள். 2019இல் அதை மேலும் தளர்த்த 82 சதவீதம் பேர் சம்மதித்தனர். இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. வேல்ஸில் மன்றத்தின் அமைப்பும் அதிகாரமும் வெள்ளை அறிக்கையாக முன்பே வெளிவந்துவிட்டது. அயர்லாந்தில் அரசமைப்புத் திருத்தம் என்றால், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய சொற்களைத்தான் மக்கள் ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். வட அயர்லாந்திலேயே 1998 மே 22 அன்று அமைதி உடன்படிக்கைக்கு 71 சதவீதம் ஆதரவு கிடைத்தது. முப்பது ஆண்டுகள் இரத்தம் சிந்திய அந்த மண்ணில், உடன்படிக்கையின் முழு வாசகமும் வீடுதோறும் அனுப்பப்பட்டிருந்தது. தோற்றவருக்கு எதில் தோற்றோம் என்று தெரிந்தது. வென்றவருக்கும் எதை வென்றோம் என்று தெரிந்தது. வெற்றிக்குப் பிறகு அதைப் பெரிதாக்கிக் கேட்க முடியவில்லை.

‘எதற்கு வாக்களித்தோம் என்று எங்களுக்குத் தெரியும், எங்களை முட்டாள் ஆக்காதீர்கள்’ என்று விலகலுக்கு வாக்களித்தவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றாக இல்லை என்பதே என் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுண்ட் அனுப்புகிறோம் என்ற விலகல் இயக்கத்தின் பேருந்து விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று புள்ளிவிவர ஆணையம் சொன்னது உண்மை. விலகல் வென்ற உடனே பொருளாதாரம் சரிவில் விழும் என்று நிதியமைச்சகம் பயமுறுத்தியதும் பலிக்கவில்லை. இரு பக்கமும் மிகைப்படுத்தின. தேர்தல்களிலும் பொய் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பொய்யை ஐந்தாண்டில் திருத்தலாம். வாக்காளர் ஏமாந்தார் என்ற பேச்சு, கேள்வியைத் தயாரித்தவர்களைத் தப்பவிடுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. விலகல் அறிவிப்புக் கொடுக்காமல் ஐரோப்பிய ஒன்றியம் பேச்சுக்கே வராது. பிறகு உடன்படிக்கையின் வாசகத்தை முன்கூட்டி எழுதுவது எப்படி? நியாயமான கேள்விதான். எதிர்த் தரப்பு எதற்குச் சம்மதிக்கும் என்று முன்பே எழுத முடியாது. ஆனால் தன் தரப்பு எதைக் கேட்கும் என்று எழுதலாம்: ஒற்றைச் சந்தையில் இருப்போமா, சுங்க ஒன்றியத்தில் இருப்போமா, அயர்லாந்து எல்லைக்கு என்ன வழி. அதுவும் போதாது என்றால் நியூசிலாந்து காட்டிய வழி இருக்கிறது. தேர்தல் முறையை மாற்ற 1992இல் அவர்கள் முதலில், மாற்றம் வேண்டுமா, வேண்டுமானால் நான்கில் எது என்று கேட்டார்கள், 84.7 சதவீதம் மாற்றம் கேட்டது. 1993இல் பழைய முறையையும் தேர்ந்தெடுத்த புதிய முறையையும் எதிரெதிரே நிறுத்தி இரண்டாம் வாக்கெடுப்பு நடந்தது. சட்டம் முழுதாகக் கண்முன் வந்தபோது ஆதரவு 53.9 சதவீதமாகக் குறைந்தது, ஆனாலும் வென்றது. அந்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. பிரிட்டனிலேயே டேவிட் டேவிஸ், பின்னாளில் விலகல் அமைச்சரானவர், 2002இல் காமன்ஸ் சபையில், விவரங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் வெற்றுத் தாளுக்கு மக்களை வாக்களிக்கச் சொல்லக் கூடாது என்று பேசியிருந்தார்.

அப்படியானால் 2019இல் இரண்டாம் வாக்கெடுப்புக் கேட்டு லண்டன் தெருக்களில் நடந்தவர்கள் சொன்னது சரிதானா? அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது, ஆனால் தோற்ற பிறகு வந்தது அந்த வாதம். வாக்கெடுப்புக்கு முன் அரசு வீடுதோறும் அனுப்பிய துண்டறிக்கை, நீங்கள் எடுக்கும் முடிவை அரசு நிறைவேற்றும் என்று வாக்குக் கொடுத்திருந்தது. அது ஆலோசனை வாக்கெடுப்புதான் என்று சட்ட நுணுக்கம் பேசுவது அந்த வாக்குறுதியின் முன் எடுபடாது. டென்மார்க்கில் 1992இலும், அயர்லாந்தில் 2001, 2008 ஆண்டுகளிலும் மக்கள் ஐரோப்பிய உடன்படிக்கைகளை மறுத்தபோது, சலுகைகளைச் சேர்த்து மறுபடி வாக்கெடுப்பு வைத்து ஆம் சொல்ல வைத்தார்கள். ‘சரியான பதில் வரும்வரை கேட்பார்கள்’ என்ற சந்தேகம் வீணாக எழவில்லை. மறுபக்கம், 52க்கு 48 என்று தாங்கள் தோற்றால் பிரச்சினை முடிந்ததாகக் கொள்ள மாட்டோம் என்று விலகல் தரப்பின் நைஜல் ஃபராஜும் வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லியிருந்தார். இரண்டாம் சுற்று உண்டா இல்லையா என்பதை முதல் வாக்கு விழுவதற்கு முன்பே சட்டத்தில் எழுதாவிட்டால், அது தோற்றவரின் தந்திரமாகவே படும். குறைந்தபட்ச ஆதரவு என்ற வரம்பை வைத்தாலும் இதே கதைதான். 1979இல் ஸ்காட்லாந்து மன்றத்துக்கு 51.6 சதவீதம் ஆதரவு கிடைத்தும், மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்ற விதியால் அது விழுந்தது. அந்த மனக்குறை பல ஆண்டுகள் அரசியலுக்குத் தீனி ஆனது.

ஈழத்திலிருந்து வந்தவர்கள் என்னை மடக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. வாசகம் தெளிவாக இருந்தால் போதுமா? 1982 டிசம்பர் 22 அன்று இலங்கையில் நடந்த வாக்கெடுப்பில் தெளிவுக்குக் குறைவில்லை. 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் ஆறு ஆண்டு நீட்டலாமா? ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. விளக்கு 54.7 சதவீதம் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டம் மிகப் பெரும்பான்மையாகப் பானைக்கு வாக்களித்தது. அடுத்த பொதுத்தேர்தலுக்கு நாடு 1989 வரை காத்திருந்தது. இடையில் 1983இன் தமிழர் எதிர்ப்பு வன்முறை வந்தது. தெளிவான வாசகம் மட்டும் ஒரு வாக்கெடுப்பை நேர்மையாக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே மக்களின் அடுத்த வாக்கைப் பறிப்பதற்கு மக்களின் வாக்கையே பயன்படுத்தினார்கள்; அதுவும் அவசரநிலையின் கீழ். வாசகம் இல்லாமல் கேட்பது ஒரு பிழை. சுதந்திரம் இல்லாத சூழலில் கேட்பது அதைவிடப் பெரிய பிழை. பின்னதை அனுபவித்தவர்கள் முன்னதைச் சின்ன விஷயமாக ஒதுக்க வேண்டாம் என்றே கேட்கிறேன்.

இப்போது உங்கள் முன் இருப்பவற்றுக்கு வருகிறேன். விலகியது தவறு என்று சொல்வோரே பெரும்பான்மை என்று கருத்துக்கணிப்புகள் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து காட்டுகின்றன. அதை நம்பி, மறுபடி சேர வாக்கெடுப்பு வையுங்கள் என்று கேட்போர் உங்களில் இருப்பீர்கள். ‘சேர்வது’ என்பதும் ‘விலகுவது’ போலவே வெற்றுத் தாள்தான். பிரிட்டனுக்கு முன்பு இருந்த கட்டணத் தள்ளுபடி திரும்பக் கிடைக்குமா, யூரோ நாணயத்தை ஏற்பதாக உறுதி கொடுக்க வேண்டி வருமா, தடையற்ற குடியேற்றத்தை ஏற்கிறோமா என்பதற்குப் பதில் எழுதாமல் கேட்டால், 2016இன் பிழையைத் திசை மாற்றித் திரும்பச் செய்வதாகும். அயர்லாந்து ஒருங்கிணைப்பு இன்னும் கூர்மையானது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பான்மையினர் அயர்லாந்தோடு இணைவதை ஆதரிக்கக்கூடும் என்று வட அயர்லாந்து அமைச்சருக்குத் தோன்றினால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஒன்றுபட்ட நாட்டில் மருத்துவ சேவை எப்படி இருக்கும், வட அயர்லாந்தின் ஸ்டார்மன்ட் மன்றம் நீடிக்குமா, ஒன்றியவாதிகளின் பிரிட்டிஷ் அடையாளத்துக்கு என்ன பாதுகாப்பு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இவற்றை எழுதிவிட்டு வாக்குக் கேளுங்கள் என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக, உங்களில் பலர் நெஞ்சில் ஏந்தும் கோரிக்கை. இலங்கைத் தமிழரின் அரசியல் எதிர்காலத்தை ஒரு பொதுவாக்கெடுப்பு தீர்மானிக்க வேண்டும் என்று லண்டனில் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் சொல்கிறீர்கள். அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் இழப்பை அறிவேன். அது கூடாது என்று சொல்ல வரவில்லை. அதன் எழுதப்படாத பாதியைத்தான் கேட்கிறேன். வாக்காளர் யார்: தீவில் இருப்பவர் மட்டுமா, புலம்பெயர்ந்தவர்களுமா, அவர்களுடைய பிள்ளைகளுமா? கிழக்கு மாகாணத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அம்மூவரின் நிலம், மொழி, நிர்வாகம் பற்றி அந்த வாக்குச்சீட்டு என்ன சொல்லும்? வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று கிழக்கு மக்களிடம் 1988 முடிவதற்குள் கேட்க வேண்டும் என்று 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தம் எழுதியிருந்தது. அந்த வாக்கெடுப்பு ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போய், நடக்கவே இல்லை. 2006இல் நீதிமன்றம் இணைப்பையே செல்லாது என்றது. கேட்பதற்கான நாள் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் கேட்கப்போகும் முழு வாசகத்தை, முஸ்லிம் தரப்பினரையும் மலையகத் தமிழரையும் எதிரே உட்காரவைத்து எழுதும் வேலைக்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.